ஆராய்ச்சியில் ஜெயித்த என்.எச்.எஸ். பயிற்சியில் ஏன் கோட்டை விட்டது?

ஹவுஸ் சர்ஜன்ஷிப் முடிக்கப்போகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “பிளாப் எழுதி இங்கிலாந்து வரலாமா என்று யோசிக்கிறேன், அண்ணா. என்.எச்.எஸ். ஆராய்ச்சி உலகத்துக்கே முன்மாதிரி என்கிறார்கள். அதே ஆட்களே, அங்கே ட்ரெயினிங் போஸ்ட் கிடைக்காது, டாக்டர்கள் ஸ்ட்ரைக் செய்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். ஒரே அமைப்பு ஒன்றில் இவ்வளவு கெட்டியாகவும் மற்றதில் இவ்வளவு சொதப்பலாகவும் எப்படி இருக்க முடியும்?”

பிளாப் என்பது வெளிநாட்டில் படித்த டாக்டர்கள் பிரிட்டனில் வேலை செய்ய எழுதும் தேர்வு, என்.எச்.எஸ். என்பது பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை. வரலாமா வேண்டாமா என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இரண்டாவதுதான் நல்ல கேள்வி. இருபது வருடத்துக்கு மேலாக இந்த அமைப்புக்குள் டியூட்டி பார்த்து வருகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

2005க்கும் 2007க்கும் நடுவில் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு பெரிய வேலைகளில் கை வைத்தது. ஒன்று, என்.எச்.எஸ். பணத்தில் நடக்கும் ஆராய்ச்சியை மாற்றி அமைப்பது. இன்னொன்று, இளம் டாக்டர்களின் பயிற்சியை மாற்றி அமைப்பது. துறையும் ஒன்று, அமைச்சரும் ஒருவர். முதல் வேலை வேர் பிடித்து வளர்ந்தது. இரண்டாவதற்காக டாக்டர்கள் வெள்ளைக் கோட்டோடு தெருவில் இறங்கினார்கள். ஆராய்ச்சிக்காரர்கள் பணத்தைத் தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். எதையும் சோதித்துப் பார்த்துவிட்டு நம்புவது அவர்கள் தொழில். பயிற்சிப் பக்கம் பெட்டிக்குப் பூட்டு இல்லை, சோதித்துப் பார்க்கும் பழக்கமும் இல்லை. என்னைப் பொறுத்தவரை வித்தியாசம் இவ்வளவுதான்.

ஆராய்ச்சிக் கதை டான்சிலில் தொடங்குகிறது. 1938ல் அலிசன் குளோவர் என்ற டாக்டர், பள்ளிப் பிள்ளைகளுக்கு டான்சில் எடுக்கும் கணக்கை ஊர் ஊராக அடுக்கிப் பார்த்தார். பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே பல மடங்கு வித்தியாசம். குளிர், ஏழ்மை, நெரிசல் எதுவும் அதற்குக் காரணமாக இல்லை. இன்னும் சொன்னால், வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் எடுத்திருந்தார்கள். லண்டனை ஒட்டிய ஹார்ன்சியில் பள்ளி மருத்துவ அதிகாரி மாறியதும் ஆபரேஷன் எண்ணிக்கை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. தொண்டை அதே தொண்டைதான், பார்த்த டாக்டர்தான் வேறு. சுகாதாரச் சேவை ஆராய்ச்சி என்று இன்று சொல்கிறோமே, அதன் அடிப்படைக் கேள்வி இதில் முழுசாக இருக்கிறது: இந்தச் சிகிச்சை நோயாளிக்குத் தேவைப்பட்டதால் நடந்ததா, டாக்டருக்குப் பழகிப்போனதால் நடந்ததா?

கேள்வி பிறந்துவிட்டதே தவிர, அதைக் கேட்டுக்கொண்டே இருக்க ஓர் அமைப்பு வர அரை நூற்றாண்டு ஆனது. என்.எச்.எஸ். 1948ல் வந்தது. ஆர்ச்சி கோக்ரேன் என்ற டாக்டர் 1972ல், நாம் செய்யும் பாதி வேலைக்கு ஆதாரமே இல்லை என்ற தொனியில் எழுதி நாலு பேரைத் தூங்கவிடாமல் செய்தார். 1988ல் பிரபுக்கள் சபையின் அறிவியல் குழு, இவ்வளவு பெரிய சேவை தனக்கு என்ன ஆராய்ச்சி வேண்டும் என்றே கேட்டுக்கொள்வதில்லை என்று கடிந்துகொண்டது. அதன் பிறகுதான் 1991 ஜனவரியில் மைக்கேல் பெக்கம் என்ற புற்றுநோய் மருத்துவர் என்.எச்.எஸ்.ஸின் முதல் ஆராய்ச்சி இயக்குநர் ஆனார். மொத்த பட்ஜெட்டில் ஒன்றரை சதவீதம் ஆராய்ச்சிக்கு என்பது இலக்கு. 1992ல் அந்தப் பணத்தில்தான் ஆக்ஸ்ஃபோர்டில், சிகிச்சைகளுக்கான ஆதாரத்தைத் திரட்டும் கோக்ரேன் மையம் திறந்தது. அடுத்த வருடம் எச்.டி.ஏ. என்ற சிகிச்சைமுறை மதிப்பீட்டுத் திட்டம் வந்தது.

ஆனால் பெரும் பணம் அப்போதும் வேறு இடத்தில் சிக்கிக்கொண்டிருந்தது. டீச்சிங் ஆஸ்பத்திரி என்றால் மாணவர், ஆராய்ச்சி என்று செலவு கூடத்தான் ஆகும், அதனால் ஒரு மேல்தொகை கொடுக்க வேண்டும் என்று 1970களில் ஆரம்பித்த ஏற்பாடு. வருடா வருடம் பழைய கணக்கைப் பார்த்தே அடுத்த தொகையும் போகும். அதில் எவ்வளவு மாணவனுக்குப் போனது, எவ்வளவு ஆராய்ச்சிக்குப் போனது, எவ்வளவு கூரை ஒழுகலை அடைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. 1994ல் கல்யர் என்ற பொருளாதாரப் பேராசிரியர் தலைமையிலான குழு இதைப் பிரித்துக் காட்டச் சொன்னது. பிரிப்பதே பெரும்பாடாக இருந்தது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருப்பவர்கள், குறிப்பாக லண்டனின் பெரிய ஆஸ்பத்திரிகள், விடுவார்களா?

2006ல் அந்தப் பிடியை உடைத்தவர் சாலி டேவிஸ், அப்போதைய ஆராய்ச்சி இயக்குநர். ஜனவரியில் திட்டம் அறிவித்தார்கள், ஏப்ரலில் என்.ஐ.எச்.ஆர். என்ற தேசிய ஆராய்ச்சி நிறுவனம் வந்தது. ஆஸ்பத்திரிகளுக்கு வழக்கப்படி போய்க்கொண்டிருந்த பணத்தைச் சில வருடங்களில் படிப்படியாகத் திரும்ப எடுத்து, போட்டி போட்டு வாங்கிக்கொள்ளுங்கள் என்று நடுவில் வைத்தார்கள். வார்டுக்கோ கூரைக்கோ திருப்பிவிட முடியாதபடி கணக்கு தனி. இன்று வருடத்துக்கு 100 கோடி பவுண்டுக்கு மேல் அந்த வழியில் போகிறது. அதைவிட முக்கியமான ஒரு வேலையும் நடந்தது. பல்கலைக்கழகத்தின் நிழல்கூடப் படாத மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்கும் ஆராய்ச்சி நர்ஸ்களுக்கான சம்பளம் வந்தது. இந்த நர்ஸ்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்கள்.

எச்.டி.ஏ. வேலை செய்யும் விதத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் எலும்பு டாக்டர் இல்லை, பொது மருத்துவம்தான். ஆனாலும் இதைவிடப் பிடித்த உதாரணம் எனக்கு இல்லை. கீழே விழுந்து கையை ஊன்றி மணிக்கட்டு முறிந்து வருகிற அம்மாக்களை நீங்களும் ஆர்த்தோ போஸ்டிங்கில் பார்த்திருப்பீர்கள். இழுத்து நேராக்கிய பின் கே-வயர் என்ற கம்பியைக் குத்தி மாவுக்கட்டு போடுவதா, திறந்து லாக்கிங் பிளேட் வைத்து ஸ்க்ரூ போடுவதா? கம்பி மலிவு, பிளேட் விலை கூட. 2000களில் பிளேட்தான் ஃபேஷன். எக்ஸ்ரேயில் பார்க்கவும் அழகாக இருக்கும். கம்பெனிக்காரர் இந்தச் சோதனைக்குப் பணம் தருவாரா? அவருக்கென்ன தலையெழுத்தா? எச்.டி.ஏ. பணம் போட்டது. 18 ஆஸ்பத்திரிகள், 461 நோயாளிகள், யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். ஒரு வருடம் கழித்துக் கேட்டதில் வலி, தலை வாருவது, கதவைத் திறப்பது எதிலும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை. 2014ல் முடிவு வந்தது, அப்புறம் பிரிட்டனில் பிளேட் போடுவது குறைந்தது. அதோடும் விடவில்லை. அப்படியென்றால் கம்பிதான் எதற்கு, வெறும் மாவுக்கட்டே போதாதா என்று அடுத்த ட்ரையல். 2022ல் பதில் வந்தது: கையின் வேலைத்திறனில் வித்தியாசம் இல்லை, ஆனால் வெறும் கட்டு போட்டவர்களில் சுமார் எட்டில் ஒருவருக்கு எலும்பு விலகி மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டது. அதைத் தெரிந்துகொண்டே நோயாளி தேர்ந்தெடுக்கலாம்.

இதில் கவனிக்க வேண்டியது, முதலில் கேள்வி வருகிறது, அப்புறம்தான் ஆராய்ச்சியாளர் வருகிறார். எங்கே சந்தேகம் இருக்கிறது என்று டாக்டர்களிடமும் நோயாளிகளிடமும் கேட்டுப் பட்டியல் போட்டு, யார் செய்கிறீர்கள் என்று ஏலம் விடுகிற மாதிரி. முடிவு சாதகமோ பாதகமோ, முழு அறிக்கையும் வெளியிட்டே ஆக வேண்டும். நம் பி.ஜி. தீசிஸ் எப்படி நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு யூனிட், ஒரு பி.ஜி., ஐம்பது நோயாளிகள், கைடு சொன்ன தலைப்பு, பைண்டிங் கடை, லைப்ரரி அலமாரி. அவ்வளவுதான்.

சரி, இப்போது பயிற்சிப் பக்கத்துக்கு வருகிறேன்.

கல்லூரிப் படிப்பில் பெரிய சண்டை இல்லை. 1993ல் மருத்துவக் கவுன்சில், மனப்பாடச் சுமையைக் குறைத்துப் பேச்சும் பழக்கமும் கற்றுக்கொடுங்கள் என்று கல்லூரிகளுக்குச் சொன்னது, அவர்களும் பெரும்பாலும் கேட்டுக்கொண்டார்கள். சிக்கல் டிகிரிக்குப் பிறகுதான். தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த கென்னத் கால்மன், ஐரோப்பியச் சட்டத்தின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, 1990களின் நடுவில் மேல்நிலைப் பயிற்சியை வரையறுத்தார். இத்தனை வருடம், இன்ன பாடத்திட்டம், முடிவில் இன்ன சான்றிதழ். நல்ல வேலைதான். ஆனால் அதற்குக் கீழே இருந்த எஸ்.எச்.ஓ. என்ற படியைத் தொடவே இல்லை. பயிற்சியில் இருந்த டாக்டர்களில் சுமார் பாதிப் பேர் அந்தப் படியில்தான் இருந்தார்கள். ஆறு மாதம் ஒரு ஊர், அடுத்த ஆறு மாதம் இன்னொரு ஊர். இரவு டியூட்டியைத் தள்ளிவிட்டால் போதும் என்ற வாழ்க்கை. அடுத்து வந்த தலைமை மருத்துவ அதிகாரி லியாம் டொனால்ட்சன் 2002ல் இதைத்தான் முடிக்காத வேலை என்று எடுத்துக்கொண்டார். அதிலிருந்து பிறந்த திட்டத்தின் பெயர்ச் சுருக்கம் எம்.எம்.சி. சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரே இருக்கும் காலேஜ் இல்லை. மருத்துவர் பணிவாழ்வை நவீனமாக்கும் திட்டம். சென்னையில் படித்துவிட்டு இங்கே வந்த நண்பர்களுக்கு அந்த மூன்று எழுத்தைத் திட்டுவதற்கு வாய் வரவில்லை.

திட்டத்தின் முதல் பாதி நன்றாகவே வந்தது. 2005 ஆகஸ்டில் இரண்டு வருட ஃபவுண்டேஷன் பயிற்சி தொடங்கியது. எஃப்-1, எஃப்-2 என்பார்கள். எஃப்-1 என்றால் நம் ஹவுஸ் சர்ஜன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது இன்றும் நடக்கிறது. இரண்டாவது பாதிதான் வெடித்தது. எஸ்.எச்.ஓ. படியையே எடுத்துவிட்டு, 2007 ஆகஸ்ட் 1 அன்று நாடு முழுக்க எல்லா ஸ்பெஷாலிட்டிகளிலும், பல மட்டங்களில், ஒரே நாளில் புதிய இடங்களில் ஆள் சேர வேண்டும் என்றார்கள். ஆள் எடுப்பதற்கு எம்.டி.ஏ.எஸ். என்ற கணினி விண்ணப்பம். எல்லோரும் எம்டாஸ் என்போம்.

அந்தப் படிவத்தைச் சொல்லியாக வேண்டும். பெயர் மறைத்துத் திருத்துவார்கள், அதில் தப்பில்லை. ஆனால் நேர்முகத்துக்குக் கூப்பிடுவது பெரும்பாலும் 150 வார்த்தைக்குள் எழுத வேண்டிய சில கேள்விகளை வைத்து. நெருக்கடியை எப்படிச் சமாளித்தாய், குழுவில் எப்படி வேலை செய்தாய் என்ற மாதிரி. மேல்படிப்புக்கும் கட்டுரைகளுக்கும் சொற்ப மதிப்பெண். நாலு இடம்தான் விண்ணப்பிக்கலாம்.

நான் அப்போது ஒரு சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் எஸ்.எச்.ஓ. அதற்கு மூன்று வருடம் முன்பு பிளாப் எழுத வந்து, ஈஸ்ட் ஹாமில் ஒரு அறையில் நாலு பேர் படுத்து, கோயில் சாப்பாட்டில் மதியத்தை ஓட்டிய கோஷ்டியில் நானும் ஒருவன். பிப்ரவரி கடைசியில் ஒரு நைட் டியூட்டி. டாக்டர்கள் மெஸ்ஸில் இருந்த ஒரே கம்ப்யூட்டரைச் சுற்றி நாங்கள் ஐந்தாறு பேர். பேஜர் அடித்தால் ஓடிப்போய் நோயாளியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வந்து வரிசையில் நிற்போம். ஸ்கிரீன் சுற்றும், நிற்கும், மறுபடி லாகின் கேட்கும். எங்கள் கூட்டத்திலேயே கெட்டிக்காரி ஒரு ஸ்காட்லாந்துப் பெண், எம்.ஆர்.சி.பி. என்ற மேல்படிப்புத் தேர்வு முடித்தவள், இரண்டு கட்டுரை போட்டவள். நாலு இடத்திலும் அழைப்பு இல்லை. அவள் பக்கத்தில் நின்றவன், தன் பதில்களை முந்தின வருட சீனியரிடம் வாங்கி எழுதியதாக அவனே சொன்னான், நாலு அழைப்பு. எனக்கு ஒன்று. யாரும் எதுவும் பேசவில்லை. அந்தப் பெண் எழுந்து கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள், அதற்குள் அவள் பேஜர் அடித்துவிட்டது.

அடுத்து நடந்தது ஊரறிந்த கதை. மார்ச் மாதம் வெஸ்ட் மிட்லாண்ட்ஸ் பகுதியில் அறுவை சிகிச்சை கன்சல்டன்ட்கள், அதாவது மூத்த ஸ்பெஷலிஸ்ட்கள், இந்தப் பட்டியலை வைத்து நேர்முகம் நடத்த மாட்டோம் என்று எழுந்து போனார்கள். மார்ச் 17 அன்று லண்டனில் ஆயிரக்கணக்கான டாக்டர்கள் ஊர்வலம் போனார்கள். ஏப்ரலில் விண்ணப்பதாரர்களின் போன் நம்பர் முதல் அந்தரங்க விவரம் வரை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்ததை சேனல் 4 செய்தி வெளியே கொண்டுவந்தது. அமைச்சர் பெட்ரிஷியா ஹெவிட் மன்னிப்புக் கேட்டார். மே மாதம் எம்டாஸை மூட்டை கட்டினார்கள். டாக்டர்கள் போட்ட வழக்கு தள்ளுபடி ஆனாலும், அவர்களின் குறை நியாயமானதுதான் என்று நீதிபதியே சொன்னார்.

பிறகு ஜான் டூக் என்ற மருத்துவக் கல்லூரி டீன் விசாரித்து 2008 ஜனவரியில் இறுதி அறிக்கை கொடுத்தார், நாற்பதுக்கும் மேல் பரிந்துரைகள். நான் அதில் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: முன்னோட்டம் பார்க்கவில்லை. ஒரு மாத்திரையை என்.எச்.எஸ்.ஸுக்குள் விட வேண்டுமென்றால் நைஸ் அமைப்பு எத்தனை ட்ரையல், எத்தனை செலவுக் கணக்கு கேட்கும்? 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் ஒரு படிவத்தை, ஒரு பிராந்தியத்தில், ஒரே ஒரு ஸ்பெஷாலிட்டியில், ஒரு வருடம் பழைய முறையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாமே. அந்தப் படிவத்தில் அதிக மார்க் வாங்கியவர் நல்ல டாக்டராக வருகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து அறையில் இருந்த ஆராய்ச்சி இயக்குநரிடம் போய்க் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் ஒரு ட்ரையல் எழுதிக் கொடுத்திருப்பார். இது என் ஆற்றாமை, அறிக்கையில் இல்லை.

பணக் கதையும் உண்டு. 2005-06ல் என்.எச்.எஸ்.ஸுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் பற்றாக்குறை விழுந்தது. அதை அடைக்கப் பிராந்திய நிர்வாகங்கள் முதலில் கை வைத்தது பயிற்சிப் பணத்தில். பூட்டில்லாத பெட்டி என்று சொன்னேனே, அது இதுதான். ஆராய்ச்சிப் பணத்தை டேவிஸ் பூட்டிக்கொண்டிருந்த அதே வருடங்கள்.

அதற்கும் மேலே தலைக்கணக்கு. 1997க்குப் பிறகு புதிய மருத்துவக் கல்லூரிகள் திறந்து, வருடத்துக்கு நாலாயிரத்துக்கும் குறைவாக இருந்த இடங்களை ஆறாயிரத்துக்கு மேல் கொண்டுபோனார்கள். அந்தப் பிள்ளைகள் படித்து முடிக்கும் வரை ஆள் வேண்டுமே, பிளாப் கதவையும் அகலத் திறந்து வைத்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே சமயத்தில் ஒரே வாசலுக்கு வந்து நின்றது. அப்போது செய்தது என்ன தெரியுமா? 2006 மார்ச்சில் அறிவித்து ஏப்ரலிலேயே விசா விதியை மாற்றினார்கள். அதுவரை வெளிநாட்டு டாக்டருக்குப் பயிற்சி இடத்தில் சேர ஒர்க் பர்மிட் தேவையில்லை. இனி தேவை, ஐரோப்பியர் யாரும் இல்லாவிட்டால்தான் உனக்கு. ஈஸ்ட் ஹாம் அறைகள் காலியாக ஆரம்பித்தன. கடன் வாங்கி வந்தவர்கள் கடனோடு திரும்பினார்கள். என்னைப் போல, உயர் திறனாளர்களுக்கான எச்.எஸ்.எம்.பி. விசாவுக்கு மாறியவர்களையும் பின்வரிசைக்குத் தள்ளச் சொல்லித் துறை ஒரு வழிகாட்டுதல் அனுப்பியது. அதை எதிர்த்து இந்திய வம்சாவளி டாக்டர்கள் சங்கமான பாப்பியோ வழக்குப் போட்டு, 2008 ஏப்ரலில், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை வரை போய் ஜெயித்தது. எங்களில் பலர் இன்று இங்கே இருப்பதற்கு அந்த வழக்குதான் காரணம். சங்கத்துக்கு நன்கொடை கேட்டால் நான் இன்றும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவேன்.

இரண்டு பக்கமும் கைகோத்த இடங்களும் உண்டு. நேர்முகத்தை விட்டு கன்சல்டன்ட்கள் எழுந்துபோன அதே வெஸ்ட் மிட்லாண்ட்ஸில், அதே காலகட்டத்தில், பயிற்சியில் இருந்த அறுவை சிகிச்சை டாக்டர்கள் தாங்களாகவே ஓர் ஆராய்ச்சிக் கூட்டமைப்பு ஆரம்பித்தார்கள். அவர்கள் யோசனை எளிமையானது. எங்களை ஆறு மாதத்துக்கு ஒரு ஆஸ்பத்திரி என்று பந்தாடுகிறீர்கள். அப்படியானால் இந்தப் பிராந்தியத்தின் எல்லா ஆஸ்பத்திரியிலும் எங்கள் ஆள் எப்போதும் ஒருவர் இருப்பார். ஆள் மாறினாலும் ட்ரையல் நிற்காது. வயிற்று ஆபரேஷனில் வெட்டுக்காயத்தின் விளிம்பைச் சுற்றி மாட்டும் ஒரு பிளாஸ்டிக் வளையம் சீழ் பிடிப்பதைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். 21 ஆஸ்பத்திரி, 760 நோயாளிகள், என்.ஐ.எச்.ஆர். பணம். வளையம் போட்டாலும் போடாவிட்டாலும் நாலில் ஒருவருக்குச் சீழ் பிடித்தது. உபயோகம் இல்லை என்று 2013ல் வெளியிட்டார்கள். ஊர் ஊராக அலைவது பயிற்சியின் சாபக்கேடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவர்கள் அதையே முதலாக்கிவிட்டார்கள். இன்று ஏறக்குறைய எல்லா ஸ்பெஷாலிட்டியிலும் இப்படி ஒரு கூட்டமைப்பு இருக்கிறது. எந்தக் கமிட்டியும் இதைத் திட்டமிடவில்லை.

இன்னொன்று ஆகஸ்ட் புதன்கிழமை. இங்கே புதிய டாக்டர்கள் ஆகஸ்ட் முதல் புதன் அன்று ஒட்டுமொத்தமாக வேலையில் சேர்வார்கள். அன்றைக்கு மட்டும் நோய் வரக்கூடாது என்பது பழைய ஜோக். லண்டன் இம்பீரியல் கல்லூரிக்காரர்கள் ஜோக்கைக் கணக்குப் போட்டார்கள். 2000 முதல் 2008 வரை, ஜூலை கடைசிப் புதன் அன்று அவசரமாகச் சேர்ந்தவர்களையும் ஆகஸ்ட் முதல் புதன் அன்று சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள், ஏறக்குறைய மூன்று லட்சம் பேர். வயது, நோய் எல்லாவற்றையும் சரிக்கட்டிய பிறகும் ஆகஸ்டில் இறப்புக்கான வாய்ப்பு 6 சதவீதம் கூட. 2009ல் வெளியிட்டார்கள். 2012 முதல் எஃப்-1 டாக்டர்கள் சேரும் முன்பே குறைந்தது நாலு நாள், சம்பளத்தோடு, பழைய ஆளின் நிழலாக நடக்க வேண்டும் என்று விதி வந்தது. ஜூலை கடைசியில் என் வார்டு ரவுண்ட்ஸில் ஒரு கேஸ் ஷீட்டுக்கு இரண்டு பேர் நிற்பது அதனால்தான். பயிற்சியையும் ஒரு சிகிச்சையைப் போல அளந்து பார்த்தால் இப்படிச் சின்னதாக ஒரு பாதுகாப்பாவது கிடைக்கிறது. இந்த மாதிரி இன்னும் ஐம்பது வந்திருக்க வேண்டும்.

நர்ஸ்களை நினைவில் வைக்கச் சொன்னேனே. 2020 மார்ச்சில் கொரோனா வந்தது. கொரோனாவுக்கு எந்த மருந்து பலன் தரும் என்று பார்க்க, ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ரெக்கவரி ட்ரையல் சில நாட்களில் தொடங்கியது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நான்கின் தலைமை மருத்துவ அதிகாரிகளும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் கடிதம் எழுதினார்கள்: ட்ரையலுக்கு வெளியே கண்டதையும் கொடுக்காதீர்கள், ட்ரையலில் சேருங்கள். எங்கள் வார்டில் எல்லோரும் கவச உடையில், யார் யார் என்று நெஞ்சில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொண்டு நின்றோம். ஆராய்ச்சி நர்ஸ் ஒவ்வொரு கட்டிலாகப் போய், சின்ன ஒப்புதல் படிவத்தைப் பிளாஸ்டிக் கவருக்குள் காட்டி விளக்குவார். சேர்க்கும் வேலை சில நிமிடம்தான். ஜூன் மாதத்துக்குள் 175க்கும் மேற்பட்ட ஆஸ்பத்திரிகளில் 11 ஆயிரத்துக்கும் அதிகமானோர். பெரும்பாலானவை எங்களைப் போன்ற சாதாரண ஆஸ்பத்திரிகள். ஜூன் 5, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் பலனில்லை. ஜூன் 16, டெக்ஸாமெத்தசோன் பலன் உண்டு. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. நம்மூர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் டிராயரில்கூடக் கிடக்கும் டெக்ஸா! உலகம் முழுக்க ஹைட்ராக்ஸிகுளோரோகுயினுக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தபோது இந்தப் பதில் இங்கிருந்து வந்ததற்குக் காரணம் ஆக்ஸ்ஃபோர்டின் மூளை மட்டும் இல்லை. பதினான்கு வருடம் முன்பு மாவட்ட ஆஸ்பத்திரிகளில் போட்டு வைத்த சம்பளமும்தான்.

பயிற்சிப் பக்கம் அந்தப் பதினான்கு வருடத்தில் என்ன ஆனது? முகவரி மாறிக்கொண்டே இருந்தது. பயிற்சிக்கென்று 2012ல் ஒரு தனி அமைப்பு வைத்தார்கள், 2023ல் அதை என்.எச்.எஸ். இங்கிலாந்துக்குள் கரைத்தார்கள், 2025 மார்ச்சில் அந்த என்.எச்.எஸ். இங்கிலாந்தையே மூடப்போவதாக அறிவித்தார்கள். 2019 அக்டோபரில் எல்லா டாக்டர்களையும் பற்றாக்குறைத் தொழில் பட்டியலில் சேர்த்ததும், வெளிநாட்டில் படித்தவர்களும் உள்ளூர்க்காரர்களோடு சமமாகப் போட்டி போடலாம் என்றானது. இடங்களை அதற்கேற்ப ஏற்றவில்லை. 2025ல் சுமார் 10 ஆயிரம் ஸ்பெஷாலிட்டி இடங்களுக்கு 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்கள் விண்ணப்பித்தார்கள். அந்த வருடம் ஜூலையில் வந்த பத்தாண்டுத் திட்டத்தில், பிரிட்டனில் படித்தவர்களுக்கு முன்னுரிமை என்று எழுதியிருக்கிறார்கள். 2006ஐ மறுபடி பார்க்கிற மாதிரி இருக்கிறது எனக்கு. ஸ்ட்ரைக்குக்குச் சம்பளம் ஒரு காரணம் என்றால் இது இன்னொரு காரணம்.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. ஃபவுண்டேஷன் இடங்களை 2024 முதல் மதிப்பெண் பார்த்துக் கொடுப்பதில்லை. கணினி போடும் சீட்டுக் குலுக்கலில் வரும் வரிசைப்படி, அவரவர் விருப்பத்தைப் பார்த்துக் கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கான டாக்டர்களை ஊர் ஊராகக் குலுக்கிப் போட்டாயிற்று, அப்படியே எந்த ஊர்ப் பயிற்சி நல்ல டாக்டரை உருவாக்குகிறது என்று பின்தொடர்ந்து பார்த்தால் அருமையான ட்ரையல். அதற்காகக் குலுக்கவில்லை என்பதுதான் சோகம்.

தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பிளாப் முடித்த உடனே ட்ரெயினிங் போஸ்ட் என்ற கணக்கில் கடன் வாங்கி வராதீர்கள், அந்தக் கணக்கு இப்போது ஒத்துவராது. கையில் வேலை உத்தரவு இல்லாமல் விமானம் ஏறவே ஏறாதீர்கள். முடிந்தால் அங்கேயே எம்.டி. முடித்துவிட்டு வாருங்கள். பயிற்சி இடம் கிடைக்காமலேயே, செய்த வேலைக்கான ஆதாரங்களைத் திரட்டிக் காட்டி ஸ்பெஷலிஸ்ட் பதிவு வாங்கும் வழியும் இருக்கிறது. நீண்ட வழி, கட்டுக் கட்டாகப் பேப்பர் சேர்க்க வேண்டும், ஆனால் பலர் போகிறார்கள்.

அப்படி வந்து ஏதாவது ஒரு ஊரில் ட்ரஸ்ட் கிரேடு வேலையில், அதாவது பயிற்சிக் கணக்கில் வராத வேலையில், உட்கார்ந்தால், முதல் வாரமே அந்த ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சி அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். இணை முதன்மை ஆய்வாளர் என்று என்.ஐ.எச்.ஆரின் ஆறு மாதத் திட்டம் ஒன்று இருக்கிறது. பயிற்சி இடத்தில் இல்லாதவர்களும் சேரலாம். போன வருடம் எங்கள் வார்டில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் அதில் சேர்ந்தார். மூன்று முறை ஸ்பெஷாலிட்டி விண்ணப்பத்தில் கழன்றவர். நைட் டியூட்டி முடிந்து காலையில் ஆராய்ச்சி நர்ஸோடு கட்டில் கட்டிலாகப் போய் நோயாளிகளிடம் ஒப்புதல் வாங்குவார். இந்த வருடமும் விண்ணப்பம் போட்டிருக்கிறார், இன்னும் பதில் வரவில்லை.